கஞ்சி குடித்தே ஏறிய எடை

12.11.2007, திங்கள்

மழை விட்டபாடில்லை. துணி காயவே இல்லை. இஸ்திரிப் பெட்டி போட்டே ஈரத்தை எடுத்தேன், கரண்ட் பில் வரும்போது இவர் கத்துவார்.

புதன்கிழமை சென்னைக்கு. எடுத்துப்போக: பழைய எக்ஸ்ரே, குடை, தண்ணீர் பாட்டில், தைரியம்.

நாலு வருஷம் முன்னால், நிறையச் சாப்பிட முடியாதபடி என் இரைப்பையைச் சுற்றி வளையம் போட்ட அதே டாக்டர். அப்போது 118 கிலோ. ஒரே வருஷத்தில் 82. கும்மிடிப்பூண்டி பஜாரில் புதுப்பெண் மாதிரி நடந்தேன். இன்று மருந்துக்கடை மெஷின் 109 காட்டியது. மெஷின் கெட்டிருக்கும் என்று இன்னொரு கடைக்குப் போனேன். அங்கேயும் 109. ஒற்றுமையான ஊர்.

ரெண்டு வருஷமாக டாக்டர் பக்கமே தலை காட்டவில்லை. திட்டுவாரே என்று. இப்போது கேட்கப்போவது பெரிய ஆப்பரேஷன். வளையத்தை எடுத்துவிட்டுக் குடலை மாற்றித் தைப்பார்களாம். கத்தி பயமில்லை. "உனக்கு ஒரு தடவை செஞ்சதே வீண்" என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் பயம்.

பெரிய நாத்தனார் பழவேற்காட்டிலிருந்து வந்திருக்கிறார். ராத்திரி சாப்பாட்டில் எல்லார் முன்னாலும்: "இன்னாத்தடி துன்ற நீ? கஞ்சிதான குடிக்கிற? அப்பறம் எப்டி ஊதிக்கினே போற?" சொல்லிக்கொண்டே என் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினார். கஞ்சிதானே!

இவர் தலையைத் தூக்கவில்லை. நோன்பு மாசத்தில் இவரும் ஒன்று கேட்டார். "ஒளிச்சி வெச்சி துன்றியா?" அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இன்றுவரை அது நெஞ்சில் அப்படியே கிடக்கிறது.

13.11, செவ்வாய்

மழை. இவர் கடையில் கூட்டம். எல்லாக் கம்பெனிக்காரர்களுக்கும் தார்ப்பாய், ஹோஸ், கயிறு வேண்டுமாம். மத்தியானம் சாப்பாடு அனுப்பினேன், அப்படியே திரும்பி வந்தது.

ஒளித்துத் தின்னவில்லை. இங்கேயாவது எழுதி வைக்கிறேன். வளையம் போட்ட முதல் வருஷம், பொன்னேரிக் கல்யாணத்தில் கோழித்துண்டு ஒன்று மாட்டிக்கொண்டது. பந்தியை விட்டு ஓடி, வாழைத்தோட்டத்தில் வாந்தி. பின்னாலேயே நாலு பெண்கள், "விசேஷமா?" என்று. 41 வயசில்! அதோடு கடினமானதைத் தொடவே பயம். அந்த நோன்பில்தான் நோன்புக் கஞ்சி வழுக்கிக்கொண்டு இறங்குவதைக் கண்டுபிடித்தேன். அப்புறம் வருஷம் முழுக்கக் கஞ்சிதான். உடம்புக்கு முடியாதவர்களுக்கு அதைத்தானே கொடுக்கிறோம்?

ஆனால் பசி. முன்பு இல்லாத பசி இப்போது எடுக்கிறது. நாக்கு கெட்டவள் ஆகிவிட்டேன் போல.

படுக்கும்போது இவர்: "நாளிக்கி நானும் வரேன்." மழை சீசனில் கடையை விட்டுவிட்டா?

14.11, புதன்

எழுதக் கை ஓடவில்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப்படியில் மூச்சு வாங்க நின்று, பையில் எதையோ தேடுகிற மாதிரி நடித்தேன். வழக்கம்தான். கொய்யாக்கூடைக்காரி, "தள்ளி நில்லும்மா, வழியெல்லாம் நீயே நின்னுக்கினு கீற." இவர் காதிலும் விழுந்தது. திரும்பி வந்து பையை வாங்கிக்கொண்டார்.

டாக்டர் திட்டவில்லை. "ஏம்மா ரெண்டு வருஷமா வரல?"

"எடை ஏறிப்போச்சு சார். வெக்கமா இருந்துச்சு."

"எடை ஏறினாத்தாம்மா வரணும்."

சாப்பாட்டு விவரம் கேட்க ஒரு சின்னப் பெண். காலையில் கஞ்சி, மத்தியானம் கஞ்சி, ராத்திரி கஞ்சி என்றேன். பாவம் என்பது போலப் பார்த்தாள். கஞ்சியில் என்ன போடுவீர்கள் என்றாள். பச்சரிசி, பாசிப்பருப்பு, கொத்துக்கறி, தேங்காய்ப்பால், கடைசியில் நெய்யில் தாளிப்பு. பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அம்மா, இது கஞ்சி இல்ல. பிரியாணியக் கரைச்சி குடிக்கிறீங்க." தண்ணியாகப் போவதை எந்த வளையமும் பிடித்து வைக்காதாம். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்படியென்றால் என் தப்புதானே?

அப்புறம் எக்ஸ்ரே ரூம். வளையத்திலிருந்து ஒரு டியூப் வந்து, தோலுக்கடியில் பட்டன் மாதிரி ஒன்றில் முடியும். அதில் ஊசி போட்டுத்தான் வளையத்துக்குள் உப்புத்தண்ணீர் ஏற்றி இறுக்குவார்கள். டாக்டர் ஊசியைப் போட்டு இழுத்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி இழுத்தார். வளையம் காலி. ஏதோ மருந்தைச் செலுத்தித் திரையைக் காட்டினார். பட்டனுக்குப் பக்கத்திலேயே வெளியே கசிந்து பரவியது.

"டியூப்புல வெடிப்பு. எத்தனை நாளாவோ தெரியல. வளையம் தளந்து சும்மா கெடக்குது. பசி எடுக்காம என்ன பண்ணும்?"

"அப்போ நான்..."

"கஞ்சிய விடணும், அது உங்க வேலை. பசி உங்க தப்பு இல்லம்மா."

பெரிய ஆப்பரேஷன் வேண்டாமாம். டியூப்பையும் பட்டனையும் மாற்றினால் போதும். செவ்வாய்க்கிழமை. சட்டையை மாட்டிய பிறகும் அந்த ரூமிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து நன்றாக அழுதேன். ரெண்டு வருஷத்து அழுகை.

15.11, வியாழன்

தூறல். நேற்று எழுதாமல் விட்டது: திரும்பும்போது ரயிலைக் கவரைப்பேட்டைக்கு முன்னால் சிக்னலில் போட்டுவிட்டார்கள். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே: "ஹோஸ் லீக்காவுதுன்னு எவன்னா வந்தா, உனுக்கு மாட்டத் தெரிலன்னு திட்டி அனுப்பறேன். ஒரு நாளும் பிரிச்சிப் பாத்ததேயில்ல."

கையை அவர் கைமேல் வைத்தேன். எதிர் சீட்டுப் பெண் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்று காலை ஒரே ஒரு இட்லி. நிறைய மென்று. மாட்டவில்லை. கஞ்சிச் சட்டியைக் கழுவிப் பரண்மேல் போட்டாயிற்று. தூக்கம் அப்படி ஒரு தூக்கம்.

18.11, ஞாயிறு

வெயில்! துணியெல்லாம் மொட்டைமாடியில். நாளைக்கு அட்மிஷன். நைட்டி 2, சீப்பு, ஓதுவதற்குத் தஸ்பீஹ் மணி, செருப்பு. அல்ஹம்துலில்லாஹ், பயம் என்று பெரிதாக ஒன்றுமில்லை.

21.11, புதன்

ஆஸ்பத்திரி. நேற்று நல்லபடியாக முடிந்தது. சின்னத் தையல்தான், இருமினால் மட்டும் உயிர் போகிறது. புது டியூப். தண்ணீர் கொஞ்ச நாள் கழித்துத்தான் ஏற்றுவார்களாம்.

சாயங்காலம் வெராண்டாவில் பெரிய நாத்தனார் குரல். கேரியரோடு வந்திருக்கிறார். "புள்ளைக்கி கஞ்சி கொணாந்தேன்டா, சூடா கீது." எனக்குச் சிரிப்பு, தையல் இழுத்தது.

அப்புறம் இவர் குரல். ரோட்டில் போகிற லாரிக்காரனுக்கே கேட்கிற அந்தக் கடைக்குரல்: "கஞ்சி வேணாம்க்கா. அவ ஒண்ணும் ஒளிச்சி வெச்சி துன்னல. டியூப்பு ஓட்டை. நான்தான் தெரியாம அவள அப்டி கேட்டுட்டேன். இனிமே நம்ம ஊட்ல யாரும் அவள ஒண்ணும் கேக்கக்கூடாது, ஆமா."

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. நர்ஸ் ஓடினாள். "சார், மெதுவாப் பேசுங்க. பேஷண்ட் தூங்கறாங்க."

தூங்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகவே பேசட்டும்.