இடப்பக்கத் திரை

இன்று காலை பரணிலிருந்து அந்த இரண்டு மானிட்டர்களையும் இறக்கினேன். உன் பழைய பச்சைத் துப்பட்டாவில் சுற்றி நீ போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. உள்ளே நீ போட்டிருந்த அந்துருண்டை கரைந்து பாதியாகிவிட்டது, வாசனை மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. அது மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. இந்தக் கோபத்தைக் கேட்டுக்கொள்ள நீ இல்லையே என்று அதற்கு மேல் இன்னொரு கோபம். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பரவாயில்லை, இப்போது உனக்கு என்ன அவசரம், மெதுவாகப் படி.

புனேயில், சாங்விப் பக்கம் என் வீட்டு முன்னறைதான் நம் ஆபீஸ். வேலை பார்த்த கம்பெனியிலிருந்து இருவரும் ஒன்றாக வெளியே வந்து, ரஞ்சன்காவ் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குத் தகட்டுப் பாகங்களின் டிராயிங் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தோம். நான் வரைவேன், நீ செக் பண்ணுவாய். வரைந்தவளே செக் பண்ணக் கூடாது. செக் ஆன டிராயிங்கை வரைந்தவள் மறுபடி தொடக் கூடாது. நம் தொழிலில் வேதம் என்று இருந்தால் இவை இரண்டுதான். சாஃப்ட்வேரை ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் வாங்க முடிந்தது என்பதால் மேஜையும் ஒன்று, நாற்காலியும் ஒன்று. மதியச் சாப்பாடு வரை என் ராஜ்யம், அதற்குப் பிறகு உன் ராஜ்யம். என் நாற்காலி உயரத்தைத் தினமும் மாற்றிவைத்துவிட்டுப் போவாய். நானும் தினமும் திட்டிக்கொண்டே சரிசெய்வேன்.

அந்த மேஜையில் என் இரண்டு மானிட்டர்கள் அக்காள் தங்கை மாதிரி உட்கார்ந்திருந்தன. இடப்பக்கத் திரையில் தொழிற்சாலைக்காரன் சிவப்பில் திருத்தம் குறித்து அனுப்பிய படம். வலப்பக்கத் திரையில் நான் வரைவது. இடப்பக்கம் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு கோடு. அப்படித்தான் எனக்குக் கை ஓடும். வருஷக்கணக்காக நீயும் அதிலேயேதான் செக் பண்ணினாய், ஒரு குறையும் சொன்னதில்லை. திடீரென்று ஒருநாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாய்.

“இந்த ரெண்டையும் தூக்குடி. ஒரே பெரிய ஸ்க்ரீன் போடலாம்.”

“எதுக்குட்டி? நல்லாத்தானே இருக்கு?”

“கர்தன் போகுது. இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு, நாள் பூரா இதே வேலை.”

கழுத்தைக் கழுத்து என்று நீ சொல்லி நான் கேட்டதே இல்லை. கிர்க்கியில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம், உங்கள் வீட்டுத் தமிழில் பாதி சந்தையிலிருந்து வந்தது என்று நான் கேலி செய்வேன். நீ பதிலுக்கு என் திருநெல்வேலிப் பேச்சை நடித்துக் காட்டுவாய்.

“எனக்கு ரெண்டு வேணும்ட்டி. ஒண்ணுல அவன் அனுப்புனது, ஒண்ணுல நான் வரையுதது. ஒரே ஸ்க்ரீன்ல மாத்தி மாத்திப் பாத்தா எதாவது விட்டுப் போயிரும்லா.”

“அரே, விட்டுப் போனா நான் இருக்கேன் நா. அப்புறம் செக்கர் எதுக்கு?”

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள். நான் வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரமே ஆட்டோவில் அந்தப் பெரிய திரை வந்து இறங்கியது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க, நீயே என் மானிட்டர்களைக் கழற்றி, துடைத்து, துப்பட்டாவில் கட்டி, “பத்திரமா இருக்கும், வேணும்னா எடுத்துக்கலாம்” என்று பரணில் ஏற்றச் சொன்னாய். பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து உன் வித்தையைக் காட்டினாய். அவன் அனுப்பிய படத்தையும் என் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மேலே இருப்பதை அணைத்து அணைத்துப் போட்டாய். இரண்டிலும் ஒன்றாக இருக்கிற கோடெல்லாம் அசையாமல் நின்றன. மாறியிருந்தது மட்டும் மினுக்கியது. அன்றைக்கே நான் உன் கட்சிக்கு மாறிவிட்டேன். ஐடி கம்பெனியில் இரண்டு திரை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிற என் வீட்டுக்காரரிடம், “ரெண்டு வச்சா புத்தியும் ரெண்டாப் போகும், ஒண்ணாக்குங்க” என்று உன் சார்பில் வாதாடியவள் நான். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அவ்வளவு நம்பினேன்.

ஆனால் வரையும்போது கஷ்டம்தான். அவன் படத்தைத் திற, மனதில் வாங்கு, என் படத்துக்கு வா, கோட்டை நகர்த்து, மறுபடி அவன் படத்துக்குப் போ. பெரிய திரையிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எழுத்து பொடியாகிவிடும். பழகிவிடும் என்று நீ சொன்னாய். பழகவில்லை. இருந்தாலும் செக் பண்ண நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில் ஓட்டினேன்.

அப்புறம் அந்தத் தாங்கிப் பலகை டிராயிங் வந்தது. இடது ஓரத்தில் நான்கு துளைகள், நான்கையும் உள்ளே தள்ளச் சொல்லித் திருத்தம். நான் வரைந்தேன், நீ செக் பண்ணினாய், அனுப்பினோம். சில நாள் கழித்து அந்தத் தொழிற்சாலை இன்ஜினீயர் போனில் கத்திய கத்தலில் நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். மூன்று துளைதான் நகர்ந்திருக்கிறது, நாலாவது பழைய இடத்திலேயே நிற்கிறது, தகடெல்லாம் வெட்டியாகிவிட்டது, இனி குப்பைக்குத்தான் போகும் என்றான்.

நீ மதிய டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாய்.

“ஏட்டி, செக் பண்ணும்போது நாலாவது ஹோல் மினுக்கலையா?”

நீ என்னைப் பார்க்கவில்லை. டப்பா மூடியைப் பார்த்தபடியே சொன்னாய்.

“நான் பாத்தப்ப நாலும் சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் நீ ஃபைலைத் திறந்தியா?”

“திறந்தேன். அவனுக்கு அனுப்பணும்லா.”

“அப்ப உன் கை ஏதாவது பட்டிருக்கும்டி. விடு.”

எவ்வளவு மென்மையாகச் சொன்னாய் அந்த ‘விடு’வை! தோளில் தட்டிக்கூடக் கொடுத்தாய். நான் நம்பினேன். துளையை நகர்த்த மறந்திருந்தால்கூட அது மனித சுபாவம், அதைப் பிடிக்கத்தான் செக்கர். செக் ஆன டிராயிங்கில் கை வைத்துக் கெடுத்தவள் என்றால் அந்த நாற்காலியில் உட்காரவே லாயக்கில்லாதவள். நான் அந்த இரண்டாவது வகை என்று உன் வாயால் கேட்டேன். என் கைக்கும் உன் கண்ணுக்கும் சண்டை வந்தபோது நான் உன் கண்ணின் பக்கம் நின்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு மவுஸைத் தொடவே பயம். ஒரு கோடு போட்டுவிட்டு மூன்று தடவை பார்ப்பேன். ஔந்த் பக்கம் கண்ணாடிக் கடையில் போய்க் கண்ணைச் சோதித்தேன். கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை, கிட்டத்தில் படிக்க ஒரு கண்ணாடி போதும், வயசுக்கு எல்லோருக்கும் வருவதுதான் என்றார்கள். அதையும் நான் நம்பவில்லை. வரைகிற வேலையை வெளியாளுக்குக் கொடுத்துவிடலாம், நான் போனையும் பில்லையும் பார்த்துக்கொள்கிறேன் என்று நானே ஒருநாள் சொன்னேன். ‘என்னடி பைத்தியக்காரத்தனம்’ என்று நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். நீ “உனக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்” என்றாய். பள்ளிக்கூட நாளிலிருந்து நான் ஆசையாகச் செய்த ஒரே காரியம் வரைவது. அப்படியே விட்டுப் போயிற்று.

பிறகு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. கூடப் பிறந்தவளைப் பறிகொடுத்தது போல அழுதேன். அதை இப்போது சொல்லிக் காட்டவில்லை. அழுதேன் என்பது உண்மை, அவ்வளவுதான்.

போன வாரம் உன் வருஷ ஜெபத்துக்குக் கிர்க்கி வந்திருந்தேன். பாட்டும் ஜெபமும் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு உன் வீட்டுக்காரர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“அக்கா, உங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன். அவ கண்ணு விஷயத்துல நீங்க பண்ணின மாதிரி யாரும் பண்ண மாட்டாங்க.”

“கண்ணு விஷயமா?”

“அதான் அக்கா, இடது கண்ணு போனதும் உங்க ரெண்டு மானிட்டரையும் தூக்கிட்டு அவளுக்காக ஒண்ணு போட்டீங்களே. ‘என் சிநேகிதி எனக்காகத் தன் கையைக் கட்டிக்கிட்டு வேல செய்றா’ன்னு சொல்லிச் சொல்லி அழுவா.”

கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறிப்போய் இடது கண் முழுக்க இருண்டுவிட்டது, வலது கண்ணிலும் இடது ஓரம் மங்க ஆரம்பித்திருந்தது, கடைசி வரை சொட்டு மருந்து விட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்றார். எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, எனக்குத் தெரியாத எல்லாவற்றையும் அந்த மனுஷர் சொல்லிக்கொண்டே போனார். “வெளியே தெரிஞ்சா கண்ணு தெரியாதவ செக் பண்ணின டிராயிங்கை எவன் வாங்குவான்னு பயம் அக்கா. உங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன்னு சொன்னா.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அதுல என்ன இருக்கு” என்றேன். உன் பொய்யை உன் வீட்டிலேயே உட்கார்ந்து நான் காப்பாற்றினேன். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது, அதையும் குடித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. கண் வறண்டு போகுது என்று நீ விட்டுக்கொண்ட சொட்டு மருந்து. புனே டிராஃபிக் பைத்தியம் பிடிக்க வைக்குது என்று நீ ஸ்கூட்டியை விற்றது. டீயை என் கிளாஸுக்கு வெளியே ஊற்றிவிட்டு நீயே விழுந்து விழுந்து சிரித்தது. நடக்கும்போது எப்போதும் சுற்றி வந்து என் இடப்பக்கம் நின்றுகொள்வது. “ரோட்டுப் பக்கம் நான் வர்றேன்” என்பாய். ரோடு அந்தப் பக்கம் இருந்தாலும் சரி, இந்தப் பக்கம் இருந்தாலும் சரி. நான் உனக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. அத்தனையையும் பார்த்தேன், ஒன்றையும் கோத்துப் பார்க்கவில்லை.

தொழிற்சாலைக்காரனிடம் மறைத்தாய், சரி. பிழைப்பு. எனக்குமாடி? “இடது கண் தெரியலடி” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மானிட்டர்களை நானே தூக்கிப் பரணில் வைத்திருக்க மாட்டேனா? நீ செக் பண்ணும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இடது ஓரத்தில் மினுக்குவதை விரலால் தொட்டுக் காட்டியிருக்க மாட்டேனா? வேதமாவது ஒன்றாவது, தூக்கிப் போட்டிருப்பேன். நான் செய்ததாக உன் புருஷனிடம் சொல்லி அழுதாயே, அந்த நல்ல காரியத்தை நிஜமாகவே செய்ய எனக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்திருக்கலாம். கழுத்து வலி என்று சொல்லி அதை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாய்.

அதைக்கூட விட்டுவிடுவேன். அந்த நாலாவது துளையை விட முடியவில்லை. அது இடது ஓரத்தில் இருந்தது. உன் கண்ணுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. தெரியவில்லை என்பது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே “நாலும் சரியாத்தான் இருந்துச்சு” என்றாய். என் கை நல்ல கை என்று தெரிந்தே, அது கெட்டுப்போய்விட்டது என்று என்னை நம்ப வைத்தாய். அதற்கு நான் துரோகம் என்றுதான் பேர் வைப்பேன், வேறு பேர் தேடிப் பார்த்துவிட்டேன். பயந்திருப்பாய். புரிகிறது. புரிகிறதே தவிர மன்னிக்க வரவில்லை, வரும்போது சொல்கிறேன்.

மானிட்டர்களை மேஜையில் வைத்து மாட்டினேன். இரண்டும் எரிகின்றன. பெரிய திரையைச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன், உன் துப்பட்டாவை அதன் மேல் போட்டிருக்கிறேன். தெரிந்தவர் மூலமாக ஒரு சின்னப் பட்டறை வேலை வந்திருந்தது. இடப்பக்கத் திரையில் அவர்கள் படம், வலப்பக்கத்தில் என் படம். முதல் கோட்டை மூன்று தடவை பார்த்தேன். அப்புறம் மறந்துவிட்டது. மதியத்துக்குள் முடித்துவிட்டேன், ஒன்றும் விட்டுப்போகவில்லை. நாற்காலி உயரம் காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது, மாற்ற ஆளில்லை.

ஆனால் என் டிராயிங்கை நானே செக் பண்ண முடியாதே. ஒரு ஆள் வேண்டும். நாளை ஒரு பெண் வருகிறாள். அவளிடம் முதல் கேள்வியாகக் கண் நன்றாகத் தெரியுமா என்றுதான் கேட்கப்போகிறேன், முகத்துக்கு நேரே, வெட்கமில்லாமல். அதைக் கேட்கும்போதும் அவளுக்கு வலப்பக்கமாகத்தான் போய் நிற்பேன் என்று எனக்குத் தெரியும். யாரோடு நின்றாலும் இப்போது அப்படித்தான் நிற்கிறேன். அந்தப் பக்கம் நின்றால்தான் உனக்கு என்னைத் தெரியும்.