துண்டில் செய்த அன்னம்

பெரியவளே,

போன்ல சொல்ல வாய் வரலை, அதான் எழுதறேன்.

நேத்து உன் தங்கச்சியைப் பொண்ணு பார்க்க வந்தாங்க. மூத்தவ எங்கேன்னு கேட்டாங்க. வெளியூர்ல டீச்சரா இருக்கான்னு உங்கப்பா வாய் கூசாம சொல்லிட்டாரு. டூரிஸ்டுங்க தங்கற எதிர்த்தீவு ஓட்டல்ல நீ ரூம் சுத்தம் பண்றதை எப்படிச் சொல்றது? அங்க போற பொண்ணுங்களைப் பத்தி ஊரு பேசறது உனக்கே தெரியும்.

அதுக்குள்ள உன் தங்கச்சி ஒரு கூத்து பண்ணிட்டா. லீவுல வந்தப்போ நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே, துண்டை மடிச்சு, ஓட்டல் ரூம்ல நீ வைக்கற அன்னத்தைச் செஞ்சு கட்டில் மேல உட்கார வச்சிருந்தா. மாப்பிள்ளையோட அம்மா அதையே பார்த்தாங்க.

"டீச்சர் சொல்லிக் கொடுத்ததா?"ன்னு கேட்டாங்க.

நான்தான் அன்னத்தை உதறி, அவங்களுக்குக் கை துடைக்கக் கொடுத்தேன்.

இன்னிக்குச் சம்மதம்னு சொல்லிட்டாங்க. "கல்யாணத்துக்கு டீச்சருக்கு லீவு கிடைக்காது, இல்ல?"ன்னு அந்தம்மா சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க.

கிடைக்காதுன்னு நான்தான் சொன்னேன்.

எல்லாம் முடிஞ்சதும் வாடி. அந்தத் துண்டை நானும் மடிச்சு மடிச்சுப் பார்க்கறேன், கழுத்து நிக்கவே மாட்டேங்குது.

உன் அம்மா