அலமாரியில் உன் பெயர் மேலே, என் பெயர் கீழே

மக்ரூன் இனிப்புப் பெட்டியைத் திறந்தால் முந்திரி வாசனைக்கு முன்னால் உன் குரல்தான் வருகிறது, மக்கா. இன்று மதியம் நம் பாலிடெக்னிக் கணினி அறையில் ஒரு பெட்டி திறந்தது. உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது விடுதிக்கு, நூலகத்துக்கு, விளையாட்டு விழாவுக்கு என்று மூன்று கணினி நிரல்கள். மூன்றிலும் மாணவர் பெயர்களை வரிசைப்படுத்தும் ஒரே வேலையை மூன்று பேர் தனித்தனியாக எழுதி, மூன்று விதமாகத் தப்பு செய்திருந்தோம். நீதான் சர்வரில் 'பொது அலமாரி' திறந்தாய். நன்றாக ஓடும் நிரல் துண்டை அதில் வைத்தால் யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஒருவரும் எடுக்கவில்லை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்கள் இங்கே துண்டு எடுக்கக் கூசினார்கள்; காப்பியடிப்பது போலாகிவிடுமாம். செமஸ்டர் முடிவதற்குள் ஆள் வராவிட்டால் அழித்துவிடுவேன் என்றார் துறைத்தலைவர். உன் முகம் அன்றுதான் வாடிப் பார்த்தேன்.

"ஏலே, பரீட்சையில பாத்து எழுதுனா தப்பு. இங்கன பாத்து எழுதலைன்னாத்தான் தப்பு."

"அதைச் சொன்னா எவன் கேப்பான்? திங்கக் குடு, கேப்பான்," என்றாய் நீ.

அப்படிப் பிறந்தது நம் சட்டம். துண்டை எடுப்பவர் எழுதியவருக்கு ஒரு மக்ரூன் தர வேண்டும். எழுதியவர் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். விளக்கக் குறிப்புகள் என் கைவரிசை: 'பிறந்த தேதியைப் போடவும். உண்மையான தேதி வேண்டாம், பள்ளியில் சேர்க்கும்போது அப்பா சொன்னது போதும்.' சிரிக்க வந்தவர்கள் துண்டையும் எடுத்துப் போனார்கள். வருகைப்பதிவுக்காகத் துறைத்தலைவரே ஒன்றை எடுத்தபோது, "சார், மக்ரூன்?" என்று கையை நீட்டினாயே, அந்தத் துணிச்சல் எனக்கே கிடையாது.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, பதில் சொல்ல ஆளில்லாத துண்டுகளை நீக்கிவிடலாம் என்றார்கள். உன் பெயருக்குக் கீழே என் பெயரைப் போட்டேன்.

நேற்று சிவில் பிரிவு முதலாண்டுப் பெண் ஒருத்தி வந்தாள். "அண்ணே, பேர் வரிசை தப்பா வருது. எனக்கு இனிஷியல் ரெண்டு, இது ஒண்ணைத்தான் எடுக்கு."

தப்பே செய்யாத மகராசன் நீ, ஆளுக்கு ஒரு இனிஷியல்தான் என்று நம்பியிருக்கிறாய். சிரித்துக்கொண்டே திருத்தினேன். ஒரே இடத்தில்தான். சாயங்காலத்துக்குள் விடுதி, நூலகம், மைதானம் எல்லாவற்றிலும் அவள் பெயர் முழுசாக வந்தது. இன்று மதியம் மக்ரூன் பெட்டியோடு மறுபடி வந்தாள்.

"மேல பேரு இருக்கே, அவங்கள எங்கன பாக்கலாம்ணே? இன்னொரு சந்தேகம் இருக்கு."

"அவனுக்கு வார கேள்வியெல்லாம் இப்ப எனக்குத்தான். கேளு," என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.