கூரையில் வைத்த கண்ணாடி ஓடு

சிவமயம்

அச்சுவேலி,
22.03.1993

அன்புள்ள மகன் சண்முகநாதனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நானும் அப்பாவும் இந்த வரி எழுதும் வரைக்கும் சுகம், நீயும் அருந்ததியும் என் பேத்தி தர்சினியும் எங்களைவிடக் கொஞ்சம் கூடுதலான சுகத்தோடு இருக்கப் பிள்ளையார் அருள் செய்யட்டும். உன் கடிதமும் படமும் மார்கழியில் கனடாவில் புறப்பட்டுப் பங்குனியில் வந்தன, நடந்து வந்திருந்தால் முந்தியிருக்கும். சர்வகலாசாலையில் எல்லாச் சமயத்தாரும் கும்பிட ஒரு பொது மண்டபத்துக்கு வரைபடம் கீறுகிறாயாம், அதை இயற்கை ஒளியால் நிரப்பப் போகிறாயாம், நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். மெத்தச் சந்தோசம். இங்கே மூன்று வருடமாகக் கரண்ட் இல்லை, பகலில் இயற்கை ஒளி, இருட்டினால் ஜாம் போத்தல் விளக்கு, ஆகவே உன் நூதனத்தை வாசித்து வாயைப் பிளந்துகொண்டிருந்தோம். எல்லாச் சமயமும் ஒரு கூரைக்குக் கீழே என்பதும் உங்களுக்குத்தான் புதினம். குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் விறாந்தையில் இருக்கிற அடைக்கலநாதன் குடும்பமும் நாங்களும் குண்டு போட வரும் பிளேன் இரைந்தால் ஒரே பங்கருக்குள்தான், அவர்கள் செபமாலை சொல்ல நான் தேவாரம் படிக்கிறேன், இதுவரை எந்தக் கடவுளும் கோபித்துக்கொண்டு எழும்பிப் போகவில்லை. சோனகருக்கும் தொழ இடம் வைத்திருக்கிறாய், நல்லது, இங்கே அவர்களை ஊரை விட்டே அனுப்பிவிட்டார்கள், அதற்குமேல் எழுதினால் கடிதம் போய்ச் சேராது என்கிறார் அப்பா.

இனி விசயத்துக்கு வருகிறேன். நாலு பக்கமும் சுவரை அடைத்து உச்சியில் மட்டும் ஒரு துவாரமாம், எங்கள் குசினிக் கண்ணாடி ஓட்டால் மத்தியான வெயில் ஆட்டுக்கல்லுக்குள் நேரே விழுவதுபோல அங்கேயும் நடுத்தரையில் விழுமாம், ஒரு சமயத்தின் திசைக்கும் சாயாதாம். அந்த இடத்தை அப்பாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன், பிள்ளை வீட்டை மறக்கவில்லை என்று. பிறகு நீயும் அருந்ததியும் பனிக்குள் நிற்கிற படத்தைப் பார்த்தேன். என் பேத்தி எட்டு வயதில் ஒருவர் தலையும் வெட்டுப்படாமல் எடுத்திருக்கிறாள், அந்தக் கை என் வழி வந்த கை. படத்தின் பின்னால் மத்தியானம் பன்னிரண்டு மணி என்று நீயே எழுதியிருக்கிறாய், பனியில் உன் நிழலோ உன்னைப்போல் இரண்டு மடங்கு நீட்டிக் கிடக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கேட்கிறேன், மத்தியானத்திலேயே இவ்வளவு சரிந்து நிற்கிற சூரியன் உன் துவாரத்தால் எப்படித் தரைக்கு இறங்கும்? மேல்சுவரில் முட்டிவிட்டுப் போய்விடும். உன் கந்தோர்ப் பெரியவர்களும் பார்த்துத் தலையாட்டினார்களாம், படித்தவர்கள்தானே. இங்கேயும் வெயில் ஆட்டுக்கல்லுக்குள் விழுவது வருடத்தில் கொஞ்ச நாள்தான். நீ விடுதியில் படித்தவன், சித்திரை விடுமுறைக்கு வந்து அதில் குந்தியிருந்து சம்பல் வழித்துத் தின்றவன், நீ கண்டது அந்தச் சித்திரை வெயிலை மட்டும்தான். தையில் ஆறடி தள்ளி அம்மிக்குப் போய்விடும். இன்றைக்கு அளந்து பார்த்தேன், ஆட்டுக்கல்லுக்கு இன்னும் ஒரு முழம் இருக்கிறது. கடலில் சூரியனைப் பார்த்து வழி பிடிக்கிற அடைக்கலநாதனுக்குப் படத்தைக் காட்டினேன். "அக்கா, தம்பி போகேக்கை எங்கடை சூரியனையும் கையோடை கொண்டு போட்டார் போல கிடக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மண்டபம் சரிவந்தால்தான் நீ வேலை செய்கிற கந்தோரில் உன்னை நிரந்தரமாக்குவார்கள், ஆனியில் கூரை போடுகிறார்கள் என்று எழுதியவன் நீ. இந்தக் கடிதமும் மூன்று மாதம் எடுத்தால் கூரைக்குப் பிறகுதான் கைக்கு வரும், அதனால் நாளைக்கு வள்ளத்தில் கிளாலிக் கடலைக் கடந்து கொழும்புக்குப் போகிற கனகசபாபதி அண்ணையிடம் அங்கே தபாலில் போடக் கொடுத்துவிடுகிறேன், அவர் கரை சேர்ந்தால் இதுவும் சேரும்.

துவாரத்தை மூடிவிட்டு, அந்தச் சூரியன் சரிந்து நிற்கிற தெற்குப் பக்கச் சுவரில் உயரமாக, நீளமாக ஒரு யன்னல் வை. வெயில் ஒரு பக்கத்துக்குச் சாயும்தான், சாயட்டும். எங்கள் பங்கரில் காற்றுக்கு விட்ட ஓட்டையால் கையகல வெயில் வரும். போன கிழமை பிளேன் இரண்டு மணித்தியாலம் சுற்றியபோது அது முதலில் அடைக்கலநாதன் பெண்சாதியின் செபமாலையில் நின்றது, பிறகு என் மடிக்கு வந்தது, கடைசியில் அப்பாவின் மொட்டையில் ஏறியது. ஒருவரும் வழக்குப் பேசவில்லை.

நாளைக்கே தர்சினியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய் ஒரு தடியை நட்டு மத்தியான நிழலை அள. அளக்கத் தெரியாவிட்டால் அவளைக் கேள். மூன்று பேரும் தலைக்கு நல்லெண்ணெய் வைத்து, குளிருக்குக் காதை மூடி, நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். வருடப்பிறப்புக்கு வெயில் ஆட்டுக்கல்லுக்குள் வந்துவிடும், உன் பங்கையும் நானே பார்த்துக்கொள்கிறேன். நீ அங்கே இருக்கிற சூரியனைப் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. சிவக்கொழுந்து