புன்னை மரத்தில் தொங்கிய கொட்டான்

அன்புள்ள கமலவல்லி,

ஓடைக்குக் குறுக்கே பாலம் கட்டி முடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை திறந்து வைக்க மந்திரி வருகிறாராம். எங்கள் கரை முழுக்கக் கறுப்பு சிவப்புத் தோரணம். இனி உன் வீட்டுக்காரரின் தோணிக்கு வேலை இருக்காது.

அப்போதெல்லாம் களத்தில் கூலியாக வாங்கிய நெல்லோடு நான் கரையில் நின்று கூப்பிடுவேன். நீ மீனோடு தோணியில் வருவாய். முழங்கால் தண்ணீரில் நின்றே மாற்றிக்கொள்வோம். "மடவைக்கு இன்னும் ஒரு கை நெல்லு போடுடி" என்று நீ விடாமல் சண்டை பிடிப்பாய்.

கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு நாங்கள் அறுப்புக்கு இறங்காத வருஷம், மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார். அவர்களை ஏற்றி வந்தது உங்கள் தோணி. அக்கரையோடு இனிப் பேச்சுவார்த்தை இல்லை என்று எங்கள் தெரு முடிவு செய்தது. நானும் கை தூக்கினேன்.

எங்கள் அடுப்பு எரியாத அந்த நாட்களில், இந்தக் கரைப் புன்னை மரத்தில் தினமும் ஒரு ஓலைக்கொட்டான் நிறையக் கருவாடு தொங்கியது. "சங்கத்து ஆளுங்கதான் வச்சிருப்பாங்க" என்றார்கள் தெருவில். கொட்டானைக் கட்டியிருந்தது நீ போடும் வலை முடிச்சு. எனக்கும் நீதானே சொல்லிக்கொடுத்தாய்? உன் பெயரைச் சொன்னால் தெருவில் யாரும் தொடமாட்டார்கள்; பிள்ளைகள் தின்னட்டும் என்று நானும் தலையாட்டினேன். கூலி கூடிய பிறகும் வாய் திறக்கவில்லை. ஏழு வருஷம் ஆகிவிட்டது.

பாலத்தில் நடந்து வர எனக்கு மனசில்லை. வெள்ளிக்கிழமை காலை, தெருவே கரையில் கூடியிருக்கும்போது, நெல்லோடு முழங்கால் தண்ணீரில் நிற்பேன். நெல் நிறைத்த கொட்டானை அதே முடிச்சால் கட்டியிருக்கிறேன். எல்லோரும் பார்க்கட்டும்.

தோணி வருமா?

இப்படிக்கு,
இக்கரைக்காரி