ஷிப்ட் மாறிப் போனவளுக்கு

மேசை இழுப்பறையைத் திறந்ததும் முதலில் வந்தது ஸ்பிரிட் வாசம். உன் பழைய ஆண்ட்ராய்டு போனின் ரப்பர் உறையை விட்டு அது இன்னும் போகவில்லை. கிள்ளானில் நீ டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்திருந்த நாள்களில் உன்னோடு கிடந்த போன் அல்லவா! காரியம் முடிந்ததும் உன் அம்மா அதை என் கையில் கொடுத்தார். இன்று காலை அதில் நம் செயலியைத் திறந்தேன். "இந்தப் போனில் இனி இயங்காது" என்று ஒரு வரி வந்தது. அந்த வரியை எழுதியவளே நான்தான்.

திருச்சியிலிருந்து வேலை விசாவில் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்கு வந்த எனக்கு, பக்கத்து மேசையிலிருந்த நீ முதல் நாளே "ஐபோன் மேடம்" என்று பெயர் வைத்தாய். எரிச்சலாக இருந்தது. டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டுக்கு வந்து ஏற்றிப் போகும் வேனுக்காக நாம் செயலி உருவாக்கிக்கொண்டிருந்தோம். நிரலை ஒரே முறை எழுதி, ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் ஓடவிட வேண்டும். வேன் கீழே வந்து நின்றதும் நோயாளியின் போன் ஒலிக்க வேண்டும், அவ்வளவுதான். என் ஐபோனில் ஒலித்தது. புது ஆண்ட்ராய்டிலும் ஒலித்தது. நான் கிளம்பப் பையை எடுத்தேன். நீ உன் போனைக் கவிழ்த்து வைத்தாய்.

"இருடி, அது கொஞ்சம் தூங்கட்டும். எங்க ஆளுங்க போன கையிலயே வச்சிக்கிட்டு உக்காந்திருப்பாங்களா? பையில கெடக்கும் லா."

தூங்கிய போன் எழவில்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்க, அது நம் செயலியையே மூடிவிட்டிருந்தது. அன்றிலிருந்து உன் சிகிச்சை நேரமே நம் சோதனை நேரமாயிற்று. ஊசி குத்தியதும் போனைத் தலையணை அருகே கவிழ்த்துவிடுவாய். நான் இங்கிருந்து அறிவிப்பை அனுப்புவேன். எல்லாம் முடிந்து, சோர்ந்த குரலில் கூப்பிடுவாய்.

"வரல டி. மறுபடி பாரு."

செயலி ஒலிக்காத காலைகளில் நீயே லெட்சுமி ஆன்டிக்குப் போன் போட்டாய். உன் வேனில் வருபவர், அடுக்குமாடி வீட்டில் தனியாக இருப்பவர், உன்னுடையதை விடப் பழைய போன் வைத்திருந்தவர். "வேன் வந்துருச்சி ஆன்டி, எறங்கி வாங்க" என்பாய். ஒருவழியாகச் செயலி ஒலித்த அன்று நீ போட்ட கூச்சலில், ஊசி நழுவப் போகிறதென்று, நீங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடும் நர்ஸ் உன்னைத் திட்டித் தீர்த்தாராம்.

அந்த வார்டைப் பற்றி ஒரே ஒரு முறைதான் வேறு மாதிரிப் பேசினாய்.

"பக்கத்து நாற்காலி காலியா இருந்தா, ஷிப்ட் மாத்திட்டாங்கன்னு மிஸ்ஸி சொல்லும். அதுக்கு மேல நாங்க யாரும் கேக்க மாட்டோம் டி."

உன் இதயம் அந்த நாற்காலியிலேயே நின்றது. அன்றும் நான் ஓர் அறிவிப்பை அனுப்பிவிட்டு, வந்ததா இல்லையா என்று நீ சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் எங்கள் புது மேலாளர் பழைய போன்களில் செயலியை நிறுத்திவிடலாம் என்றார். "எத்தன பேரும்மா இருக்கப் போறாங்க? புது போன் வாங்கிக்கட்டும் லா." நான் கத்தினேன். வேன் போய்விட்டால் அன்றைய சிகிச்சை போய்விடும், உடம்பில் நீர் ஏறி மூச்சு முட்டும், நான் பார்த்திருக்கிறேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நிறுத்தும் வேலையை என்னிடமே கொடுத்தார். செய்து முடித்தேன். அந்தக் கசப்பு இன்னும் வாயிலேயே இருக்கிறது.

ஆனால் செயலி ஓடாவிட்டாலும் உன் போன் பேசும். சிம் செத்துவிடாமல் நான் டாப்அப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். லெட்சுமி ஆன்டி வீட்டுக்குக் கீழே வந்து நின்றதும் எனக்குச் சொல்லும்படி வேன் ஓட்டும் அண்ணனிடம் சொல்லிவைத்திருந்தேன். இன்று காலை அவர் தகவல் அனுப்பியதும், உன் போனிலிருந்தே லெட்சுமி ஆன்டியை அழைத்தேன்.

"வேன் வந்துருச்சி ஆன்டி, எறங்கி வாங்க."

அவருடைய திரையில் உன் பெயர் வந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அடியே, நீயா? ஒன்ன ஷிப்ட் மாத்திட்டாங்கன்னு மிஸ்ஸி சொன்னுச்சே! நல்லாருக்கியா புள்ள?"



"ஆமா ஆன்டி, மாத்திட்டாங்க லா" என்றேன்.

நாளை மறுநாள் அவருக்கு மறுபடியும் வேன் வரும். உன் போனைச் சார்ஜில் போட்டிருக்கிறேன்.