காக்கா குடிக்காத மருந்து

என் அன்புக் காக்காவுக்கு, உங்கள் கூடப்பிறந்த தங்கச்சியின் ஸலாம்.

நீங்கள் மௌத்தானதும் உங்களைக் கத்தாரிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். நம் ஊர் சாய்ந்தமருதுக்கு வந்து சேர்ந்தது உங்கள் சூட்கேஸ் மட்டும்தான். கபுறடியில் நின்று ஸலாம் சொல்ல வழியில்லாததால் எழுதுகிறேன். நாலு பேர் வாசிக்கட்டும் என்றுதான் இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஏன் என்பது போகப் போக உங்களுக்கு விளங்கும்.

முதலில் வீட்டுச் செய்தி. வாப்பாவின் பிறசர் இறங்குவதாக இல்லை. கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் அஸர் தொழுகை வரைக்கும் அப்படியே கிடக்கிறது. போன மாதம் கிளினிக்கில் டொக்டர் மருந்துக் கொப்பியைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "வாப்பா குளிசை ஒழுங்காப் போடுறாரா?" என்று கேட்டார். "ஓம் டொக்டர்" என்றேன். நான் யோசிக்கும் முன்னமே வாய் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், இதே கேள்வியை முன்பும் யாரோ கேட்டிருக்கிறார்களே என்று மனசு அரித்துக்கொண்டே வந்தது. யார் என்றுதான் பிடிபடவில்லை.

அதே கிழமைதான் உங்கள் கைபேசிக்கு ஓர் அறிக்கை வந்தது. சூட்கேஸோடு வந்த அந்தக் கைபேசியை அவ்வப்போது சார்ஜ் போட்டு வைக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

கேம் கொம்பனி அனுப்பியிருந்தது. நாம் இரண்டு பேரும் வெள்ளிக்கிழமைக் காலைகளில் விளையாடிய அதே கேம்தான். அங்கே நீங்கள் வேலை செய்த கடைக்கு லீவு, இங்கே நான் தையல் மெசினை மூடி வைத்துவிடுவேன். ஆளுக்கொரு வேஷம் எடுத்து ஒரே உலகத்துக்குள் அலைவோம். நீங்கள் கறுப்பு அங்கி போட்ட சூனியக்காரன், நான் வில்லுக்காரி. முகாமில் நமக்குப் பொதுவாக ஒரு மரப்பெட்டி. ஜும்ஆவுக்கு நேரமானதும் நீங்கள் பாதிச் சண்டையில் என்னை விட்டுவிட்டு ஓடுவீர்கள். உங்களுக்குப் பிறகு நான் கேமைத் திறக்கவே இல்லை. கடைசி ராட்சதன் இன்னும் மலைக்குகையில் உட்கார்ந்திருக்கிறான்.

அறிக்கையில் ஒரு பக்கம் உலகத்தார் எப்படி விளையாடினார்கள் என்ற கணக்கு, மறுபக்கம் நீங்கள் விளையாடிய கணக்கு. படித்தால் சிரிப்பு வரும் காக்கா. கெட்டவனாக இருக்கலாம், யாரும் பிடிக்க மாட்டார்கள் என்று கேம் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனாலும் பெரும்பாலானோர் நல்ல பதிலைத்தான் தேர்ந்தெடுக்கிறார்களாம். பொய் ஊரிலும் ஒரு கிழவனைத் திட்ட அவர்களுக்கு மனசு வருவதில்லை. பலர் முதல் ஊரைத் தாண்டுவதே இல்லை. முடிவு வரை போகிறவர்களோ, உயிர் தரும் மருந்துக் குப்பிகளைப் பை நிறையச் சேர்த்து, பெரிய சண்டைக்கு என்று வைத்து வைத்து, அந்தப் பெரிய சண்டையும் முடிந்த பிறகு நிறைந்த பையோடு நிற்கிறார்களாம்.

உங்கள் பக்கத்துக்கு வந்தேன். "நான் ஊரையெல்லாம் எரிச்சிட்டன் புள்ள, ஒரு குஞ்சும் மிச்சமில்ல" என்று போனில் பீத்துவீர்களே. நீங்கள் எரித்த ஊர் ஒன்றுகூட இல்லை. வழியில் கிடந்த நாய்க்கு ரொட்டி போட்டிருக்கிறீர்கள், அதுவும் அந்த வழியாகப் போன ஒவ்வொரு தடவையும். சூனியக்காரராம்!

அதற்குக் கீழே இரண்டு வரி. குடித்த மருந்து: பூச்சியம். துணையாளுக்கென்று பெட்டியில் வைத்த மருந்து என்ற இடத்தில் நீளமான ஓர் எண்.

அந்த எண்ணை இரண்டு தரம் வாசித்தேன். மற்றவர்கள் பெரிய சண்டைக்கு என்று வைத்தார்கள். நீங்கள் எனக்கென்று வைத்தீர்கள். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் குப்பி நிறைந்திருக்கும். காக்காவுக்குத் தேவையில்லைபோல என்று நினைத்துக்கொண்டேன். நானும் தொடவில்லை, காக்காவுக்குத் தேவைப்படுமே என்று. நீங்கள் எத்தனை தரம் செத்து விழுந்திருப்பீர்கள்? "லைன் கட்டாகிட்டு" என்று சமாளித்த ஒவ்வொரு முறையும் அதுதானா?

அப்போதுதான் சூட்கேஸ் ஞாபகத்துக்கு வந்தது.

உங்கள் சாமான்களுக்கு நடுவே ஒரு பொதி இருந்தது. "வாப்பாக்கு" என்று உங்கள் கையெழுத்து. பிரித்தால் உள்ளே குளிசை அட்டைகள். வாப்பாவுக்கு வெளிநாட்டு மருந்து வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். வாப்பா அதை வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டார். உங்களைக் கொண்டுபோன அதே பிறசர்தான் வாப்பாவுக்கும். நோன்பு லீவில் நீங்கள் வந்தபோது இங்கே கிளினிக்கில் காட்டினோம், அதே குளிசையைத்தான் உங்களுக்கும் தந்தார்கள். கத்தாருக்குத் திரும்பிய பிறகு, அங்கே டொக்டரிடம் காட்ட லீவு கிடைக்கவில்லை என்றீர்கள். பிறகு ஊரிலிருந்து கத்தாருக்குப் போகிற எல்லோரிடமும் வாப்பா குளிசைப் பொதி கொடுத்துவிட்டார். மிளகாய்த் தூள், மாசிக் கருவாடு, மருதமுனையில் நெய்த சாரன், அவற்றுக்கு நடுவில் குளிசை. கட்டிக் கொடுத்தது நான்தான். எங்கே வாங்கினது என்று ஒரு நாளாவது வாப்பாவிடம் கேட்டேனா?

லுஹர் தொழுகைக்கு வாப்பா பள்ளிக்குப் போன நேரம் வீட்டைக் கிளறினேன். கண்ணாடி அலுமாரியில், மாப்பிள்ளை வீட்டார் வந்தால் எடுக்கலாம் என்று உம்மா இருந்த காலத்திலிருந்தே தொடாமல் வைத்திருக்கும் பீங்கான்களுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின். நிறையக் குளிசை. மேலே உங்கள் பொதி. உள்ளே இருந்தது வெளிநாட்டு மருந்தில்லை காக்கா. நான் இங்கிருந்து கட்டி அனுப்பிய அதே அட்டைகள், ஒன்றும் உடைக்காமல்.

வாப்பா வாசலுக்கு வந்ததும் டின்னை முன்னால் வைத்தேன். மூடியைத் திறந்து காட்டினேன்.

"இது என்ன வாப்பா?"

"கிளினிக்கில எனக்குத் தந்தத அவனுக்குச் சேத்த. ஒரு நாள் போட்டு, ஒரு நாள் விட்டன். அவனுக்கு ஊர்க் குளிசதான் ஒத்து வருகுது எண்டான்."

"காக்கா மவுத்தாகி எத்தின மாசம்? அதுக்கு மறுகா ஏன் போடல்ல?"

வாப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அதைத் தடவியபடியே சொன்னார்.

"அவன் இது என்ட குளிச எண்டு கண்டுபுடிச்சிட்டான் புள்ள. அதான் போடாம எனக்கே கட்டி வெச்சிரிக்கான். அவன் போடாத குளிசய நான் எந்த மனசோட போடுற?"

அந்த இடத்தில்தான், கேள்வியை முதலில் கேட்டது யார் என்று எனக்குத் தெரிந்தது. நீங்கள்தான். மௌத்தாவதற்குச் சில கிழமைகளுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை, நான் மரத்தில் ஏறி அம்பு விட்டுக்கொண்டிருந்த நேரம் கேட்டீர்கள். "புள்ள, வாப்பா குளிச போடுறாரா?" திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓம் ஓம், நீங்க முன்னால பாருங்க" என்றேன். எழுந்து போய்ப் பார்த்திருந்தால்? இல்லை என்று சொல்லியிருந்தால், பொதி அனுப்புவதை அன்றே நிறுத்தச் சொல்லி, எப்படியாவது லீவு எடுத்து அங்கே டொக்டரிடம் போயிருப்பீர்களா? எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அந்த ஈமான் உண்டு. ஆனாலும் அந்த "ஓம்" என் வாயிலிருந்துதான் வந்தது.

வாப்பாவிடம் கேம் கதையைச் சொன்னேன். இரண்டு வரியையும் வாசித்துக் காட்டினேன். வாப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, "நீ குடிச்சயா?" என்றார். "இல்ல வாப்பா. நானும் காக்காக்கு எண்டு வெச்சன்."

"நல்லாரிக்கி" என்றார் வாப்பா. "ஒருத்தனும் குடிக்கல்ல. மருந்து மட்டும் சுகமா இரிக்கி." சிரிக்கப் பார்த்தார், முகம் இடம் கொடுக்கவில்லை. பிறகு, "போ, தண்ணி கொண்டா" என்றார்.

மறுநாளே டின்னோடு கிளினிக்குக்குப் போய், டொக்டரிடம் என் பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பழையதையெல்லாம் எடுத்துக்கொண்டு புதிதாகத் தந்தார். அப்பக்கம் நின்ற நர்ஸ் மிஸ்ஸி, "இப்பிடி வாறது நீங்க மட்டுமில்ல, வெளிநாட்டில புள்ள இரிக்கிற வீடெல்லாம் இந்தச் சோலிதான்" என்றார். அதனால்தான் காக்கா இதை ஊர் பார்க்க எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் எழுந்து போய், தங்கள் வீட்டு அலுமாரியில் பீங்கானுக்குப் பின்னால் ஒருமுறை கையை விட்டுப் பார்க்கட்டும்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். வாப்பாவின் இருதயம் வீங்கியிருக்கலாம் என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மட்டக்களப்புக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகிறேன். வாப்பா தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று வாசலில் நின்று பார்க்கிறேன். பள்ளியிலிருந்து வரக் கொஞ்சம் சுணங்கினாலும் தெருவுக்கு இறங்கிவிடுகிறேன். பிந்திப்போனோமோ காக்கா? இதை யாரிடம் கேட்பது?

இரண்டு வாக்குத் தருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை கேமைத் திறப்பேன். பெட்டியில் நீங்கள் வைத்த குப்பி அத்தனையையும் குடித்துத்தான் அந்த ராட்சதனோடு மோதுவேன், ஒன்றையும் மிச்சம் வைக்க மாட்டேன். மற்றது, இனி வாப்பாவைப் பற்றி யார் என்ன கேட்டாலும், என் கண்ணால் பார்க்காமல் பதில் சொல்ல மாட்டேன்.

இன்று காலை வாப்பா குளிசையை விழுங்கிவிட்டு, நான் நம்பவேண்டும் என்று வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். நானும் குனிந்து நன்றாகப் பார்த்தேன்.

நீங்கள் அன்றைக்குக் கேட்டதற்கு இன்றைக்குத்தான் பதில் சொல்கிறேன், காக்கா. ஓம், போடுகிறார்.

உங்கள் பெட்டியில் பங்குள்ள ஒரே தங்கச்சி,
ரிஸ்னா
சாய்ந்தமருது